சின்ன டாக்டரம்மாவின் அறை

மாடிக் கிழவிக்குக் கொழுப்பு அதிகம். பழைய வீடுகள் பாதுகாப்புக் குழுவில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கருத்து கிடையாது.

பின்னே என்ன? நூறு வருஷத்து வீடு. ஊரெல்லாம் பேர்போன டாக்டர் வாழ்ந்த வீடு. இடிக்க வந்தவர்களோடு மல்லுக்கட்டி மீட்டு, நினைவில்லமாக்கலாம் என்று குழு கிளம்பியது. கீழே குடியிருந்தவர்கள் மரியாதையாகக் காலி செய்துவிட்டார்கள். மாடியில் ஒற்றை அறையில் இருந்த கிழவி மட்டும், "டாக்டர் இருக்கச் சொன்ன இடம், நான் எங்க போவேன்?" என்று வக்கீலைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

குழுவில் ஒருவரும் மாடியேறி அவளிடம் பேசவில்லை. அதற்குத்தானே வக்கீல்?

கடைசியில் தலைவர்தான் வழி கண்டுபிடித்தார். பழைய குழாய்களைப் பழுது பார்க்க வேண்டும் என்று சொல்லி, மாடிக்குப் போகிற தண்ணீரை நிறுத்தினார். கிழவி கொஞ்ச நாள் தெருக்குழாயில் பிடித்து, படிக்குப் படி உட்கார்ந்து எழுந்து வாளியை ஏற்றினாள். பிறகு யாரோ வந்து கூட்டிப் போனார்கள். விட்டது தொல்லை என்று குழு டீ சாப்பிட்டது.

காலி செய்த அறையில் ஒரு தராசு கிடந்தது. பச்சைக் குழந்தையைத் துணியில் போட்டு எடை பார்க்கிற தராசு. அதைக் கையில் எடுத்ததும் செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குச் சாமான்களைக் கண்டால் மட்டும் சட்டென்று கலங்கும்.

விசாரித்ததில் ஒரு பெரிய கதையே வந்து விழுந்தது. டாக்டரிடம் ஒரு நர்ஸ் இருந்தாராம். ஊர்க்காரர்கள் 'சின்ன டாக்டரம்மா' என்பார்களாம். பேர் டாக்டருக்கு, பிரசவமெல்லாம் இந்தம்மா கையில். தலைவரின் அக்காவே சாட்சி.

"நீ காலை முன்னால நீட்டிக்கிட்டு வந்தே. ரெண்டு பேரும் பிழைக்க மாட்டாங்கன்னு டாக்டரே கையை விரிச்சிட்டார். அந்தம்மாதான் உன்னை உயிரோட எடுத்தாங்க."

தலைவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே குழுவைக் கூட்டி, வரலாறு மறந்த அந்தப் பெண்மணிக்கு மாடி அறையையே ஒதுக்கினார். தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது.

ஒரு போட்டோ வேண்டுமே. நர்சம்மாவின் அண்ணன் மகள் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பது தெரிந்து, செயலாளர் போனார். அவள் மிஷினை நிறுத்தாமலே, "அத்தையைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள். அடுத்த முறை போனதற்கு, "அத்தைக்கு இஷ்டமில்லை" என்றாள்.

"செத்துப்போனவங்களைக் கேட்டுச் சொல்றாளாம். மறை கழண்ட கேஸ் சார்" என்றார் செயலாளர்.

சொந்த அத்தைக்கு ஒரு மரியாதை செய்யத் தெரியாத ஜென்மம் என்று தலைவர் மனம் நொந்துகொண்டார். நல்ல வேளையாக விழாவுக்கு முன்னால் அவளே ஆள் அனுப்பினாள். அத்தை சரியென்று சொல்லிவிட்டார்களாம், விழா அன்றைக்கே அழைத்து... இல்லை, 'கொண்டு வருகிறேன்' என்று சொன்னதாகத்தான் செயலாளர் குறித்துக்கொண்டார்.

விழாவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மாடி அறை ஜோடிக்கப்பட்டிருந்தது. பழைய சுவரைச் சுரண்டி, புதுசாகப் பூசி, அதைப் பழசாகக் காட்டத் தனியாகப் பெயின்டர் வைத்திருந்தார்கள். நாடகக் கம்பெனியிலிருந்து வாங்கிய கட்டில். கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு. மூலையில் பளபளவென்று பித்தளைக் குழாய். குறுக்கே கயிறு, தொடாதீர்கள் என்று அட்டை. சுவரில் பெரிய பலகை. அதன் கடைசி வரி: 'இவருடைய இறுதிக் காலம் பற்றித் தகவல் ஏதும் கிடைக்கவில்லை.'

கீழே மைக்கைப் பிடித்த தலைவர், பெற்ற தாய்க்குச் சமமானவரை இந்த ஊர் கைவிட்டுவிட்டதே என்று தழுதழுத்தார். முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

பேசி முடித்து உட்கார்ந்தவரிடம் வாட்ச்மேன் வந்து குனிந்தான். "மாடிக் கிழவி வந்திருக்கு சார்."

"கேட்டைச் சாத்து. உள்ள விட்டா மறுபடி உட்கார்ந்துக்கும்" என்றார் தலைவர், சிரித்த முகம் மாறாமல்.

போட்டோவைத் திறந்து வைக்கிற நேரம் வந்தது. போட்டோவைத்தான் காணோம். செயலாளர் வாசலுக்கு ஓடினார். சாத்திய கேட்டுக்கு வெளியே தையல்கடைக்காரி வெறுங்கையோடு நின்றாள்.

"போட்டோ எங்கம்மா?"

"போட்டோ எதுக்கு? அத்தையே வந்திருக்காங்க. உங்க ஆள்தான் உள்ள விடமாட்டேங்கிறார்."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மாடிக் கிழவி நின்றிருந்தாள்.

செயலாளருக்குக் கண் கலங்கவில்லை. வியர்த்தது.

அத்தனை பேர் பார்க்கும்போது என்ன செய்ய முடியும்? தலைவரே கேட்டைத் திறந்து, அம்மா, தாயே என்று அழைத்துப்போனார். அந்தம்மா பழக்கம் மாறாமல் படிக்குப் படி உட்கார்ந்து எழுந்து மேலே வந்தார். தலைவர் அவசரமாகக் கயிற்றை அவிழ்த்தார். பலகையைக் கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார் அந்தம்மா. தராசைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"காலால பொறந்த பையன் நீதானே?"

தலைவர் தலையாட்டினார்.

மூலையில் இருந்த குழாயைக் காட்டி அந்தம்மா கேட்டார்:

"இப்ப இதுல தண்ணி வருதாப்பா?"