அருவி பார்க்கப் போன ஆடு

ஆடும் எருமையும் முயலும் சேர்ந்து மலையருவி பார்க்கக் கிளம்பின. பாறைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்ததெல்லாம் ஆடுதான். ஆனால் முயலோ எருமையோடு ஒட்டிக்கொண்டு, அது சொன்ன கதைகளுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்னால் நடந்த ஆட்டுக்கு வயிறு எரிந்தது.

குறுக்கே ஆறு வந்தது. முயல் எருமையின் முதுகில் தாவி ஏறியது.

"நீயும் ஏறிக்கோ, இடம் இருக்கு," என்றது எருமை.

"வேண்டாம். அந்த அருவியை நான் எத்தனையோ தடவை பார்த்தாச்சு," என்றது ஆடு. அது ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

சாயங்காலம் இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பின.

"நீதான் நிறையத் தடவை பார்த்திருக்கியே! அந்த வானவில் எப்பவும் அங்கேயே இருக்குமா?" என்று முயல் ஆசையாகக் கேட்டது.

"இருக்கும், இருக்கும்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது ஆடு.