ஹபீபுன்னிசா வீட்டுப் பெருநாள் முட்டை

"ஏனுங்க, பக்கத்து ஊட்டு அக்கா தனியாத்தானே இருக்காங்க? பின்ன யாருக்குங்க இத்தன முட்டை?"

மதில் இடுக்கில் கண்ணை வைத்தபடியே கேட்டாள் செல்லாத்தாள். உக்கடத்துக்கு மருமகளாக வந்து அவள் பார்க்கும் முதல் ரம்ஜான் பெருநாள்.

"அடுத்த ஊட்டுச் சமையல் உனக்கெதுக்கு அம்மணி?" வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே சொன்னார் கணவர் குமாரசாமி.

அவள் நகரவில்லை. மார்கழிப் பனி இன்னும் கலையவில்லை. அந்தப் பக்கம் ஹபீபுன்னிசா முட்டைகளை நுரைக்க அடித்து, கொத்துக்கறி, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, நெய் தடவிய சட்டியில் ஊற்றினாள். அடியில் தணல். மூடியின் மேலும் தணலை அள்ளிக் கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் வாசம் மதிலைத் தாண்டி வந்தது.

மூடியைத் திறந்தபோது முட்டை உப்பிச் சிவந்திருந்தது. தான் வாயில் வைக்காமல் முதல் துண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள் ஹபீபுன்னிசா.

அங்கே சன்னல் இல்லாத ஓர் அறை. பூட்டைத் திறந்து, கதவை ஒருக்களித்து, தட்டை இருட்டுக்குள் நீட்டினாள்.

எதுவோ தரையில் உரசி உரசி வந்தது. வெள்ளைத் துணி சுற்றிய ஒரு கை தட்டை வாங்கியது.

அந்தக் கையில் விரல்களே இல்லை.

செல்லாத்தாள் வீறிட்டாள். "பேய்ங்க! அந்த ரூமுல பேய் இருக்குதுங்க!"

குமாரசாமி குச்சியை வீசிவிட்டு மதிலுக்கு ஓடி வந்தார். "ஏனம்மா, ஜின்னு இருக்குதுன்னு ஊரே பேசுது. பெருநாளும் அதுவுமா அதுக்குப் படையலா? எம்பட பொண்டாட்டி புள்ளத்தாச்சி, தெரியுமா?"

"தம்பி, வேண்டாமுங்க. போயிருங்க" என்றாள் ஹபீபுன்னிசா, அவசரமாகக் கதவைச் சாத்திக்கொண்டே.

உள்ளே உரசல் மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை வேகமாக. கதவை நோக்கி.

"இன்னைக்கு அதை விரட்டாம உடமாட்டேன்!"

குமாரசாமி மதில் ஏறிக் குதித்தார். ஹபீபுன்னிசாவை விலக்கிக் கதவைத் தள்ளினார். பின்னாலேயே பக்கத்து வாசல் வழியாக ஓடி வந்தாள் செல்லாத்தாள்.

வாசற்படியை ஒட்டி ஒரு கிழ உருவம் தவழ்ந்து வந்து கிடந்தது. மூக்கு மழுங்கிய முகம். கண்கள் மட்டும் குமாரசாமியை விட்டு அகலவில்லை.

"குமாரு... சாப்ட்டயா கண்ணு?"

குமாரசாமி சுவரில் சாய்ந்துவிட்டார்.

"யாருங்க இது?" என்றாள் செல்லாத்தாள்.

"உம்பட மாமியார்தான் அம்மணி" என்றாள் ஹபீபுன்னிசா. "குஷ்டம்னு தெரிஞ்சதும் இவங்களே குளத்து மேட்டுல உட்டுட்டுப் போயிட்டாங்க. நான்தான் கொண்டாந்தேன். யாரும் கல்லெறியக் கூடாதுன்னு ஜின்னுக் கதையைக் கட்டினதும் நான்தான்."

மாமியார் காசிக்குப் போன இடத்தில் செத்துப்போனதாகச் சொல்லித்தான் செல்லாத்தாளைப் பெண் கேட்டிருந்தார்கள்.

"எங்கயாச்சும் ஆஸ்பத்திரில சேத்தியிருக்கலாமுங்களே அக்கா? இந்த இருட்டுக்குள்ள ஏனுங்க?"

"கெஞ்சிப் பாத்துட்டேன் கண்ணு, வரமாட்டேனுட்டாங்க. இங்க இருந்தாத்தான் மகன் பேசறது காதுல உழுகுமாம்."