பச்சைத் துணி

ஹோமை மூடப்போகிறார்கள் என்று அம்மா சொன்னபோது கோகிலவாணியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"யாரோ போன் போட்டு, அங்க புள்ளைங்களக் கட்டிப் போடுறாங்கன்னு சொல்லியிருக்காங்க. நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசர் விசாரிக்க வர்றாரு. பாலாவப் பாத்துக்கிற ஆண்டாயி அக்காவ இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. சொன்னது யாருன்னு தெரிஞ்சா நம்ம பாலாவ ஒரு வாரம் அவங்க ஊட்டுல விட்டுட்டு வருவேன்."

அந்த யாரோ, வாணிதான்.

அன்று மதியம்தான் ஹோமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அண்ணன் பாலகுமார் சுவரோரம் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. பேச்சு வராது. தனியாக விட முடியாது. மாதத்தில் பதினைந்து நாள் அவனை ஹோமில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பதினைந்து நாளில்தான் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவாள். இரவில் தூங்குவதும் அப்போதுதான்.

ஹோம் இல்லையென்றால் வாணிக்குக் கூடலூர் ஹாஸ்டல் இல்லை, பிளஸ் ஒன் இல்லை. அதை அம்மா சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

லீவுக்கு வந்தவள், ஞாயிறு மதியம் யாரிடமும் சொல்லாமல் அவனைப் பார்க்கப் போயிருந்தாள். மூடுபனி. கேட்டில் ஆள் இல்லை. ஜன்னல் உயரமாக இருந்தது. எக்கிப் பார்த்ததில் கட்டில் மட்டும் தெரிந்தது.

அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். இடது மணிக்கட்டில் பச்சைத் துணி. அது கட்டிலைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது.

மாட்டைக் கட்டுவதுபோல் கட்டில் காலில் கட்டியிருக்கிறார்கள்.

அவள் கதவைத் தட்டவில்லை. பஸ் ஸ்டாப் வரை ஓடினாள். சுவரில் ஒட்டியிருந்த புகார் நம்பருக்குப் பேசினாள். பேர் கேட்டபோது வைத்துவிட்டாள்.

யாராவது வந்து ஆண்டாயி அக்காவைத் திட்டுவார்கள், துணியை அவிழ்ப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

"கட்டினது நெசமாம்மா?"

அம்மா எழுந்து தட்டைக் கழுவினாள். அவள் இடது கையில் வளையல் இல்லை. மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு தடம். வந்த அன்றே வாணி அதைப் பார்த்திருந்தாள். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தியதாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பாய் விரித்ததும் அம்மா கொடியிலிருந்து எதையோ உருவினாள். பழைய சேலையில் கிழித்த நீளத் துண்டு.

பச்சை.

அண்ணன் தானாகவே இடது கையை நீட்டினான்.



"ஆறு மாசமா இப்படித்தான். கண்ணசந்தா எந்திரிச்சு வெளிய போயிடுறான். ரெண்டு தடவ யானை நின்ன எடத்துக்கே போயிட்டான்" என்றாள் அம்மா, முடிச்சைத் தளர்வாகப் போட்டபடி. "ஆண்டாயி அக்காவுக்கு இதச் சொல்லிக் குடுத்ததே நான்தான். பாவம், அது அவன் கட்டிலுக்குக் கீழ வெறுந்தரையில படுத்துக்கும். இன்னொரு முனைய தன் கையில கட்டிக்கும்."

ஜன்னலுக்குக் கீழே தரை இருந்தது. ஞாயிறன்று அதை அவள் பார்க்கவே இல்லை.

"இன்னைக்கு ஒரு நாள் நீ கட்டிக்கிறியா சாமி? எனக்குக் கண்ணச் சொருகுது. நடுவுல ஒரு தடவ இழுத்துப் பாப்பான். நீயும் இழு. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா தூங்கிடுவான்."

அம்மா அவள் மணிக்கட்டில் மறுமுனையைக் கட்டிவிட்டு, விளக்கை அணைத்தாள்.

வாணி இருட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சொல்லிவிட வேண்டும். இப்போதே. விடிந்தால் தைரியம் போய்விடும்.

"அம்மா, அந்த போன்..."

அம்மா தூங்கிப்போயிருந்தாள். லேசான குறட்டை கேட்டது.

எழுப்புவதற்காக வாணி எழுந்தாள். துணி இழுபட்டது. அண்ணன் புரண்டான்.

அப்படியே படுத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் துணி அசைந்தது. ஒரே ஒரு முறை.

அவளும் இழுத்தாள்.