ஆமென் சொல்லாத காலை

“ஆமென் சொல்றதுக்குள்ள தூங்கிட்டேன் அண்ணா.”

“ஆமென் என்ன போன்ல அனுப்புற பட்டனா? அமுக்கலேன்னா போய்ச் சேராதா?”

கேலி செய்கிறானே தவிர, வீட்டு ஜெபத்தில்கூட உட்காராத அண்ணன் சிரிக்கவில்லை. தங்கைக்குப் பதினான்கு வயது. பள்ளி திறந்ததிலிருந்து தினமும் விடியலில் எழுந்து வேதம் வாசித்து ஜெபிக்கிறாள். அலாரத்தை அவளே வைக்கிறாள், யாரும் எழுப்புவதில்லை. இன்று பார்த்து, அம்மாவின் ஆபரேஷனுக்காக முட்டி போட்டவள் கட்டிலில் தலை சாய்த்து அப்படியே உறங்கிவிட்டாள். கன்னத்தில் போர்வையின் மடிப்பு இன்னும் அழியவில்லை. இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், எதிரே ஆபரேஷன் தியேட்டர் கதவு. அதன் வட்டக் கண்ணாடியில் பச்சை அங்கிகள் வேகமாகக் கடந்துபோகின்றன. உள்ளே ஏதோ தட்டு விழும் ஓசை. இருவரும் நிமிர்கிறார்கள், யாரும் வரவில்லை. ஜன்னல் வெயில் தரையில் மெல்ல நகர்ந்து அம்மாவின் செருப்பைத் தொடுகிறது. அதை எடுத்துப் பையில் போட இருவருக்கும் மனம் வரவில்லை.

“இப்போ சொல்லிடேன்.”

“சொன்னா ஜெபம் முடிஞ்சிடும். அம்மா வெளிய வர்ற வரைக்கும் முடியக் கூடாது.”

ஒரு நர்ஸ் ரத்தப் பையோடு ஓடி உள்ளே நுழைகிறாள். தங்கை நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் மண்டியிடுகிறாள். அண்ணனின் சட்டை நுனி அவள் கைக்குள் கசங்குகிறது.

“அண்ணா, நீயும் கொஞ்சம் முட்டி போடேன்.”