ஸ்குவாட்ரன் வரலாறு

“என்னங்க, அவரு என்ன பேசினாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சொல்லிப்புட்டேன்” என்றாள் லீலா மேரி, முந்திரிப் பருப்பைத் தட்டில் கொட்டியபடி.

ஆரோக்கியசெல்வம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தலையாட்டினார்.

“மாப்பிள்ளையோட அப்பாவுக்கு அந்த விமானக் கதைதான் உசுராம். அதுல எதுனா குத்தம் சொன்னா ஆளையே ஒதுக்கிடுவாராம். பெனடிக்ட் தம்பியே நம்ம ஆனி ரோஸ்கிட்ட சொல்லியிருக்கு.”

வரதராசன்பேட்டை வீட்டு வாசலில் கார் நின்றது. பெரம்பலூரிலிருந்து செபஸ்டின், மகன் பெனடிக்டுடன் வந்து இறங்கினார்.

கல்யாணப் பேச்சு ஐந்து நிமிடம்கூட நடக்கவில்லை.

“நான் நேவிங்க. கடலுக்கு மேல ரோந்து போற விமானம். எங்க ஸ்குவாட்ரன், அதான் எங்க விமானப் பிரிவு, அதோட வரலாற்றைப் புத்தகமா எழுதிக்கிட்டிருக்கேன்” என்று ஆரம்பித்தார் செபஸ்டின். “சார் எங்க வேலை பார்த்தீங்க?”

ஆரோக்கியசெல்வம் மனைவியைப் பார்த்தார்.

“விசாகப்பட்டினத்துலங்க. சென்ட்ரல் கவர்மென்ட்டு. முந்திரி எடுத்துக்குங்க, நம்ம தோப்புது” என்றாள் அவள் அவசரமாக.

செபஸ்டின் முந்திரியை எடுத்துக்கொண்டார். கதையை விடவில்லை. முதல் விமானம் வந்தது, ரேடார் மாறியது, புயலில் மீனவர்களைக் கண்டுபிடித்தது எல்லாம் வந்தன.

“கடலுக்குள்ள நீர்மூழ்கிக் கப்பல் இருந்தா மேலேருந்து மிதவையைப் போடுவோம். கீழ கேக்குற சத்தத்தை அது அனுப்பும். நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கேப்பேன். உள்ள ஒரு ஸ்பேனர் விழுந்தாக்கூடப் பிடிச்சிருவேன்!”

கேட்பதையே வேலையாகச் செய்த மனிதர் இவ்வளவு பேசுவார் என்று லீலா மேரி நினைக்கவில்லை. இரண்டாம் முறை காபி கொடுத்தாகிவிட்டது. கதவோரம் நின்ற ஆனி ரோஸ் கால் மாற்றி நின்றாள். பெனடிக்ட் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“புத்தகத்துல ஒரே ஒரு அத்தியாயம்தான் நிக்குது” என்றார் செபஸ்டின். “ஒரு பயிற்சி. நம்ம நீர்மூழ்கியையே நாங்க தேடிப் பிடிக்கணும். மூணு நாள் தேடினோம். ஒரு சத்தம் இல்ல. அது ரிப்பேராகி அப்பவே கரைக்குத் திரும்பியிருக்கும். அப்படித்தான் எழுதப் போறேன். சரிதானே, சார்?”

ஆரோக்கியசெல்வத்தின் உதடு பிரிந்தது. லீலா மேரி இருமினாள். உதடு மூடிக்கொண்டது.

“உங்களைத்தான் சார் கேக்குறேன்.”

ஆரோக்கியசெல்வம் முந்திரித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

செபஸ்டின் எழுந்தார். “கிளம்புடா பெனடிக்ட். ஒரு மணி நேரமா செவுத்துக்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன். மதிச்சு ஒரு வார்த்தை பேசாத வூட்டுல என்ன சம்பந்தம்?”

“அப்பா, கொஞ்சம் இருங்கப்பா...”

செபஸ்டின் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். ஆனி ரோஸின் கண்கள் நிறைந்துவிட்டன.

லீலா மேரி தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ மாதாவே! பேசித் தொலைங்க!”

ஆரோக்கியசெல்வம் தொண்டையைச் செருமினார். “அந்த மூணு நாளும் நாங்க இப்படித்தாங்க உக்காந்திருந்தோம். உங்களுக்கு நேர் கீழ, ஸ்பேனரைக்கூடத் துணியில சுத்தி வச்சுக்கிட்டு.”

செபஸ்டின் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடிவந்தார். “அடப்பாவி சம்பந்தி! எந்த இடத்துலய்யா ஒளிஞ்சிருந்தீங்க?”