வாப்பாவின் கையெழுத்து

“பேப்பரக் கொண்டாங்க டொக்டர், கையெழுத்து வைக்கிறேன். புள்ளய நான் கொண்டு போறேன்.”

சட்டத்தரணி அரூஸ் பேனாவை எடுத்தேவிட்டார். முகமூடி போட்டிருந்த டொக்டர் ஷஹ்மா கதிரையை விட்டு அசையவில்லை.

“ஏலா சேர். மஞ்சள் இன்னும் எறங்கல்ல. நேத்தய விட இண்டைக்குக் கூடித்தான் ஈக்கு.”

பிறந்து ஆறு நாள். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், மஞ்சள் காமாலைக்காகக் கண் கட்டப்பட்டு நீல வெளிச்சத்தின் கீழே கிடந்தான் பிள்ளை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த மகன். நாளைக்குக் கம்பளை வீட்டில் ஏழாம் நாள். தலைமுடி இறக்கி, பெயர் வைத்து, அகீகா அறுத்து விருந்து கொடுக்க வேண்டும். முந்நூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. அறுக்கிற மாடும் வந்து முற்றத்தில் நிற்கிறது. இனி வரவேண்டியது பிள்ளை மட்டும்தான்.

“மஞ்சள் எல்லாப் புள்ளக்கும் வாறதுதானே? காலை வெயில்ல காட்டினா போயிடும்.”

“இது வெயிலுக்குப் போற மஞ்சள் இல்ல சேர். மூளைக்கு ஏறினா காது போகும். உசிரும் போகலாம்.”

“ஒரே ஒரு நாள். முடிஞ்ச கையோட திரும்பக் கொண்டு வந்து விடுறேன்.”

“ஒரு மணித்தியாலத்துக்கும் ஏலா.”

பக்கத்தில் நின்ற றம்லத் மெல்ல வாயைத் திறந்தாள். “அங்க பேர் வைக்கட்டும். புள்ள இங்கயே ஈக்கட்டுமே.”

“நீ சும்மா இரி!” என்று மனைவியை அடக்கிய அரூஸ், அந்தச் சூட்டோடு கோர்ட்டுக் குரலுக்கு மாறினார். அந்தக் குரலுக்குக் கண்டியில் நல்ல பேர்.

“நான் ஆருன்னு தெரியுமா டொக்டர்?”

“நல்லாத் தெரியும் சேர்.”

“அப்ப எனக்குச் சட்டம் படிச்சித் தர வராதீங்க. நான் பெத்த வாப்பா. என்ட பொறுப்பில கொண்டு போறேன்னு எழுதித் தாறேன். அதோட ஒங்கட கடமை முடிஞ்சி.”

“வளர்ந்த ஆள் தனக்கு வைத்தியம் வேணான்னு கையெழுத்து வெச்சிட்டுப் போகலாம். இவனுக்கு உசிர் ஆபத்து. இவனுக்காக வேற ஒத்தர் அப்படி வைக்க ஏலா. பெத்தவங்கட கையெழுத்தால டொக்டர்ட கடமை முடியாது சேர். நீங்க தூக்கிட்டுப் போனா நான் பொலிஸுக்கு அறிவிப்பேன்.”

அரூஸுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. இருபது வருஷத் தொழிலில் நீதவான்கள்கூட அவரிடம் இப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசியதில்லை. இங்கே நேற்றுப் படித்துவிட்டு வந்த பெண் பிடித்த பிடியில் நிற்கிறாள்!

“பன்னெண்டு வருஷம் காத்திருந்தவன்ட மனசு ஒங்களுக்கு எங்க வெளங்கப் போகுது? ஒங்களுக்கு நெஞ்சில ஈக்கிறது கல்லா?”

றம்லத்துக்குக் கண் கலங்கியது. கணவனின் பேச்சைக் கேட்டு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“சரி, அத உடுங்க. பெத்தவங்கட கையெழுத்து செல்லாதுன்னீங்களே, அது எந்தப் புத்தகத்தில ஈக்கு? காட்டுங்க பார்ப்போம்!”

ஷஹ்மா முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“புத்தகத்தில படிச்சதில்ல சேர். மூணு வருஷத்துக்கு முந்தி, மஞ்சள் மூளைக்கு ஏறி மௌத்தாப் போன ஒரு புள்ளட கேஸ்ல கோர்ட்டுக்கு நடுவில நிண்டு நீங்க சொன்னது. நீங்க வெண்ட கேஸ். வாப்பாட கையெழுத்த வாங்கிட்டு அந்தப் புள்ளய வீட்டுக்கு அனுப்பின டொக்டர் நான்தான்.”