பாடி முடித்துச் சுடும் துப்பாக்கி

தலைவரின் புகழ்ப்பாட்டைப் பாடி முடித்த பிறகுதான் வீட்டுத் துப்பாக்கி சுடும். பாட்டு ஓடும்போது அசைந்தால் ஜெயில். சட்டம் அப்படி.

பட்டப்பகலில் ஒரு திருடன் உள்ளே புகுந்து பூங்காவனத்தின் தாலிச்சங்கிலியை அறுத்தான். கணவர் மகுடபதி பதறிப்போய் விசையை அழுத்தினார். துப்பாக்கி கணீரென்று பாடத் தொடங்கியது. அவர் விறைத்து நின்றார். சங்கிலியோடு திருடனும் அட்டென்ஷனில் நின்றான்.

"எத்தனை சரணம்ங்க?" என்று உதடு அசையாமல் கேட்டான்.

"போன மாசம் ரெண்டு கூட்டிட்டாங்க தம்பி."

பூங்காவனத்துக்குப் பொறுக்கவில்லை. "பாட்டாம் பாட்டு!" என்று பாய்ந்து, தோசைக்கரண்டியால் அவன் மணிக்கட்டில் ஒன்று போட்டுச் சங்கிலியைப் பிடுங்கினாள். அடி வாங்கியும் அவன் இம்மி அசையவில்லை.

துப்பாக்கியே போலீசையும் அழைத்திருந்தது. அவர்களும் வாசலில் விறைத்து நின்று, பாட்டு முடிந்து குண்டு கூரையில் பாய்ந்ததும் உள்ளே வந்தார்கள். அசைந்த குற்றத்துக்குப் பூங்காவனத்தை வண்டியில் ஏற்றினார்கள். விசுவாசமான குடிமகன் என்று திருடனுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுத்தார்கள்.

மகுடபதி கண்கலங்கி அப்படியே நின்றார்.

வண்டியிலிருந்து பூங்காவனம் கத்தினாள்: "அடுப்புல பால் பொங்குது! இப்பதான் பாட்டு ஓடலையே, அசைஞ்சா என்ன?"